இடது மூலையின் கை

பலகையில் ஏழு வட்டம் போட்டு, அதில் நான்கை அழித்துவிட்டு, நம்பிராஜன் அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு நின்ற சாயங்கால நேரத்தில்தான் காந்திமதியின் இடது உள்ளங்கையை யாரோ ஒருமுறை அமுக்கினார்கள்.

யாரோ என்ன யாரோ! அது யாருடைய அமுக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லுவாள். இசக்கி. ஆனால் இசக்கி அந்த அறையில் இல்லை, பாளையங்கோட்டையிலேயே இல்லை. ஆலங்குளத்தில், அண்ணன் வீட்டு முன்னறைக் கட்டிலில், விரலை அசைக்க முடியாமல், இமையைக்கூட நினைத்தபடி மூட முடியாமல் கிடக்கிறாள். போன சீசன் கடைசி ஆட்டத்தில் ஆட்கள் குவியலாகச் சரிந்தபோது அவள் கழுத்து அடியில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அப்படித்தான்.

காந்திமதி கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒருமுறை அமுக்கினால் ‘நில்’. இரண்டுமுறை அமுக்கினால் ‘போறேன்’. கபடிக் கோர்ட்டில் எட்டு வருசமாக அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட பாஷை அவ்வளவுதான். இசக்கி இடது மூலையில் நிற்பாள். காந்திமதி அவளுக்கு அடுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எதிரணிப் பெண் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டு உள்ளே வருவாள். அவள் கால் எப்போது எட்ட வரும் என்று இசக்கிக்குத்தான் தெரியும். இசக்கி எப்போது பாய்வாள் என்று காந்திமதிக்குத்தான் தெரியும்.

“காந்தி, கேக்கியா இல்லையா?” என்றார் அண்ணாச்சி. பொருநை அணியின் பயிற்சியாளர் அவர். கோச் என்றோ சார் என்றோ யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

“கேக்கேன் அண்ணாச்சி.”

“நாலு ஓட்டை. ஒருத்தி கல்யாணம் பண்ணிட்டு மஸ்கட் போயிட்டா. ஒருத்திக்கு முட்டி போச்சி. ஒருத்தி ரயில்வே டீம்ல வேலையோட சேந்துட்டா. இன்னொண்ணு இசக்கி எடம். நாலையும் டிராஃப்ட்லதான் அடைக்கணும்.”

டிராஃப்ட் என்பது சென்னையில் நடக்கும் திருவிழா. போன வருசம் கடைசியில் நின்ற அணி முதலில் ஒரு புது ஆளைப் பொறுக்கிக்கொள்ளலாம். தோற்றவர்களுக்கு லீக் காட்டும் கருணை. பொருநை அணி போன வருசம் பட்டியலின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததால் முதல் உரிமை அவர்களுக்கு.

“முதலாளி பாடுற பிள்ளைய எடுக்கச் சொல்லுதாரு” என்றார் அண்ணாச்சி. “பாடுறவளுக்குத்தான போஸ்டர் அடிப்பாங்க. பிடிக்கிறவ மூஞ்சி எவனுக்குத் தெரியுது? காலப் பிடிச்சிட்டுத் தரையில கிடப்பா. நான் முடியாதுன்னுட்டேன். பிடி இல்லாத டீமு கதவு இல்லாத வீடு. முதல் ஆளு இடது மூலைக்குத்தான். ஒரத்தநாட்டுப் பிள்ளை ஒண்ணு இருக்கு, நிஷாந்தின்னு. பத்தொம்பது வயசு. என்னா பாய்ச்சலு தெரியுமா! இவ வந்துட்டா மத்த மூணையும் அடுத்தடுத்த சுத்துல சமாளிச்சிரலாம்.”

சொல்லிவிட்டு அவர் காந்திமதியைப் பார்க்காமல் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“அதுக்கு இழை காலியா இருக்கணும்” என்றார்.

இதுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். லீக் ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஜோடி இழைதான் கொடுக்கிறது. மணிக்கட்டுக்குள் தலைமுடி கனத்தில் ஒன்று. கோர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கும் போடுவார்கள். ஒருத்தி அமுக்க நினைத்ததுமே, அவள் விரல் அசைவதற்கு முன்னாலேயே, மற்றவள் கையில் அது தெரியும். பாய்வதற்கு முன்னாலேயே பாய்ச்சல் தெரியும். ஜோடிகள் அவரவர் வீட்டிலிருந்தும் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டுமென்று தூரத்திலும் வேலை செய்கிற மாதிரி வைத்திருந்தார்கள். இடது பக்கத்து இழை இன்னும் இசக்கியோடு கட்டியிருக்கிறது. ஒன்றைக் கரைத்தால்தான் இன்னொன்று.

“கரைக்க முடியாது அண்ணாச்சி. அவ அமுக்குதா.”

அண்ணாச்சி துணியைக் கீழே வைத்தார். 

“எப்ப?”

“இப்பக்கூட. நீங்க ஓட்டை ஓட்டைன்னு சொல்லிக்கிட்டு இருந்தியள்லா, அப்ப.”

அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் கண் கலங்கியது. “ஏட்டி, எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பள்ளிக்கூடத்துல ஓடிக்கிட்டிருந்த பிள்ளைய நாந்தான கூட்டிட்டு வந்தேன். ஆனா அந்தப் பத்தொம்பது வயசுப் பிள்ளைய இழை இல்லாம உம் பக்கத்துல நிப்பாட்டச் சொல்லுதியா? மத்த டீமெல்லாம் இழையோட ஆடுது. அவ பாய்றது உனக்கு ஒரு நொடி பிந்தித் தெரிஞ்சா என்னாகும்? ஆளு குவியல்ல மாட்டுனா என்னாகும்னு நாம பாத்துட்டோம்லா?”

அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். 

“டாக்டரக் கூப்பிட்டுச் சோதிச்சிப் பாப்போம்” என்றார் அவர். “அவதான் அமுக்குதான்னு தெரிஞ்சா டிராஃப்டாவது மண்ணாவது. நான் இடது மூலையில ஒரு தூண நட்டு வச்சி ஆடிக்கிடுதேன்.”

*

லீக்கில் இழைகளைப் பார்த்துக்கொள்கிறவர் டாக்டர் பியூலா. அண்ணாச்சியோடும் காந்திமதியோடும் ஆலங்குளத்துக்கு வந்த டாக்டரை இசக்கியின் அண்ணன் மனைவி, மதினி ராமலட்சுமி உள்ளே கூட்டிப்போய், கலர் சோடா வாங்கி வைத்து, விசிறியைத் திருப்பி வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போலத் தாங்கினாள். நல்ல செய்தி சொல்லப் போகிறவரை நன்றாகக் கவனிக்க வேண்டுமே.

இசக்கி சுவரைப் பார்த்தபடி சாய்த்துவைக்கப்பட்டிருந்தாள். கண் திறந்திருந்தது. எதையும் அது தொடரவில்லை. அந்தச் சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

“எப்ப எப்ப அமுக்குறாங்க?” என்று டாக்டர் காந்திமதியிடம் கேட்டார்.

“சாயங்காலந்தான் அதிகமா, டாக்டர். பகல்ல ஒண்ணும் இருக்காது.”

டாக்டர் பியூலாவின் முகம் லேசாக வாடியது. “சாயங்காலம் உங்க ரெண்டு பேருக்கும் பயிற்சி நேரம், இல்லையா?”

“ஆமா.”

“காந்திமதி, நான் மறைக்காம சொல்லிடறேன். இந்த இழை வெறும் கம்பி இல்ல. கூட ஆடுறவங்களோட பழக்கத்தை அது கத்துக்கும். ஒரு நொடி தகவல் வராம போனா, அவங்க இந்த நேரத்துல இதைத்தான் செய்வாங்கன்னு அதுவே ஊகிச்சு நிரப்பிக்கும். ஆட்டத்துல தடங்கல் வரக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கோம். எட்டு வருசம் படிச்ச இழை உங்களோடது. அந்தப் பக்கம் யாருமே இல்லைன்னாலும் அது பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கலாம். புருசன் போனப்புறமும் ரெண்டு டம்ளர் காப்பி போடுற பொம்பள மாதிரி.”

“எங்க வீட்டுப் பிள்ளை இன்னும் போகலையேம்மா” என்றாள் ராமலட்சுமி.

டாக்டர் அவள் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுசி. அந்த நாளில் அங்கே இருந்தவர்களில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் யாரையாவது திட்டியாவது இந்தக் கதையை முடிக்கலாம்.

சோதனை எளிது. காந்திமதி வெளியே அணியின் வேனில் உட்கார வேண்டும். உள்ளே நடப்பது அவளுக்குத் தெரியக் கூடாது. கையில் எது தெரிந்தாலும் அதைச் சொல்ல வேண்டும், டிரைவர் அண்ணன் நேரத்தோடு குறித்துக்கொள்வார். உள்ளே டாக்டர் இசக்கியிடம் பேசுவார். நான் பேசுவது கேட்டால் இரண்டுமுறை அமுக்கு என்பார். கொஞ்சம் விட்டு மறுபடி சொல்லுவார். பேச்சும் அமுக்கும் பொருந்தினால் இசக்கி இருக்கிறாள். பொருந்தாவிட்டால் இழைதான்.

டாக்டர் டி.வி.யை அணைக்கப் போனார்.

“அது கிடக்கட்டும் டாக்டர்” என்றார் அண்ணாச்சி. “டிராஃப்ட் வருதுன்னு பழைய ஆட்டமெல்லாம் திரும்பப் போடுதான். ஓடட்டும். கபடி ஓடுற எடத்துல இருந்தாதான் அவளுக்கு ஒரு தெம்பு. வேணும்னா சத்தத்தக் கொறச்சிக்கிடுங்க.”

“நானும் சாயங்காலம் அதைத்தான் போட்டு விடுவேன்” என்றாள் ராமலட்சுமி. “வேற எதுக்கு இந்த வீட்டுல டி.வி.?”

டாக்டர் சத்தத்தை மட்டும் நிறுத்தினார்.

காந்திமதி வேனுக்குப் போகுமுன் இசக்கியின் காதருகே குனிந்தாள். “ஏட்டி, டாக்டரம்மா சொல்லுறதக் கவனமாக் கேளு. கேட்டதும் ரெண்டு தடவை. எங்கிட்ட வழக்கமா அமுக்குவியே, அப்படி. மானத்த வாங்கிராத.” 

வேனில் உட்கார்ந்து உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருமுறை அமுக்கு. நில். அப்புறம் மறுபடி ஒருமுறை. மறுபடி. சட்டென்று இரண்டு. அவள் துள்ளிக் குதித்து “ரெண்டு! ரெண்டு!” என்று கத்தினாள். டிரைவர் அண்ணனும் மகிழ்ச்சியில் ஹார்னை அழுத்தப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பிறகு ஒன்று. ஒன்று. ஒன்று. நெடுநேரம் சும்மா. ஒன்று.

அதற்கப்புறம் ஒன்று நடந்தது. உள்ளங்கை நடுவில் நான்கு விரலும் குறுகுறுவென்று ஓடின. அது அமுக்கு இல்லை. இசக்கிக்குச் சிரிப்பு வந்தால் அப்படித்தான் செய்வாள். கோர்ட்டில் வாய்விட்டுச் சிரித்தால் அண்ணாச்சி தோலை உரித்துவிடுவார் என்பதால், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு காந்திமதியின் உள்ளங்கையில் சிரிப்பாள்.

காந்திமதி அதையும் சொன்னாள். டிரைவர் அண்ணன் குறித்துக்கொண்டார்.

டாக்டர் வெளியே வந்து இரண்டு பேரின் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் ஆசைதான் போல. “இந்த ரெண்டு அமுக்கு வந்தப்ப நான் வாயே திறக்கலை, காந்திமதி. நான் கேட்ட நேரத்துல எல்லாம் ஒண்ணுமே இல்லை, இல்லேன்னா ஒரு அமுக்கு. எதுவும் எதோடயும் சேரலை.”

“அந்தக் குறுகுறுப்பு வந்தப்ப?” என்று காந்திமதி கேட்டாள். “அப்ப என்ன சொல்லிக்கிட்டிருந்தீங்க?”

டாக்டர் தயங்கினார். “இசக்கி, உள்ள இருக்கீங்களா, உயிரோட இருக்கீங்களா, ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டுங்கம்மான்னு கெஞ்சிட்டிருந்தேன்.”

காந்திமதி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அவள் டாக்டரை நம்பவில்லை. அந்தக் குறிப்பையும் நம்பவில்லை. ஆனால் இதை எப்படித் தள்ளுவது? உயிரோடு இருக்கிறாயா என்று ஒருத்தி கெஞ்சும்போது இசக்கி சிரிப்பாளா? சத்தியமாகச் சிரிக்க மாட்டாள். சிரித்தது இழை. எட்டு வருசத்துச் சிரிப்பில் ஒன்றை எடுத்துக் கண்ட நேரத்தில் சிந்தியிருக்கிறது.

இழையைக் கரைக்க அவள்தான் முதலில் சரி என்றாள். ராமலட்சுமி அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். 

கரைப்பதற்கு அறுவை கிறுவை ஒன்றும் கிடையாது. டாக்டர் தன் கருவியில் ஏதோ அழுத்தினார், அவ்வளவுதான். இரண்டு மணிக்கட்டிலும் இழை உப்பாகக் கரைந்து ரத்தத்தோடு போய்விடும். காந்திமதி இசக்கியின் கட்டிலருகில் நின்றாள். கடைசியாகக் கையில் வந்தது ஒரு அமுக்கு. ஒன்றே ஒன்று.

நில்.

இழைதானே என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். 

*

சென்னையில் டிராஃப்ட் அமர்க்களமாக நடந்தது. பொருநை அணி முதல் ஆளாக ஒரு பிடிகாரியைக் கூப்பிட்டதும் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. முதலாளி முகம் கடுகடுத்தது. அண்ணாச்சி அசரவில்லை. இரண்டாவது சுற்றில் வலது பக்கத்துக்குத் தடுப்புச் சுவர் மாதிரி ஒரு திண்டுக்கல் பெண், மூன்றாவதில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தி, நான்காவதில் யாரும் சீண்டாத ஓர் உசிலம்பட்டிப் பெண். நாலு ஓட்டையும் அடைந்தது. திரும்பும்போது ரயிலில் அவர் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். நெல்லைக்காரர் விருதுநகர் தாண்டுவதற்குள் அல்வா வாங்கியதை மற்ற பெண்கள் ஊர் வந்து சேரும்வரை கிண்டல் செய்தார்கள்.

நிஷாந்தி நல்ல பெண். அதுதான் தொல்லை. வெறுப்பதற்கு அவளிடம் ஒன்றுமே அகப்படவில்லை. புது இழை போட்ட முதல் வாரம் அவளுடைய அமுக்கு படபடவென்று, கதவைத் தட்டுகிற தபால்காரன் மாதிரி இருந்தது. காந்திமதி ஒரு பயிற்சியில் தாமதமாகப் பாய்ந்தாள். அடுத்ததிலும் அப்படியே.

“அக்கா, நான் ஏதும் தப்பா அமுக்குறேனா?” என்று நிஷாந்தி கேட்டாள். “சொல்லிக் குடுங்கக்கா. நான் மாத்திக்கிறேன்.”

“நீ சரியாத்தான் செய்யுத, பிள்ளே. எங் கைதான் இன்னும் பழகல.”

நிஷாந்தி கொஞ்சநேரம் தன் ஷூ நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இசக்கியக்கா கையின்னா எப்புடி இருக்கும்க்கா?”

காந்திமதி சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியருகில் நின்று அழுதாள். நிஷாந்தி தூரத்திலேயே நின்றாள். அந்த வயதில் அந்த அளவு விவரம் இருந்தது அவளுக்கு.

மூன்றாவது வாரத்தில் கை பழகிவிட்டது. அதுவும் ஒரு துக்கம்தான். ஒருநாள் சாயங்காலம் நிஷாந்தி இரண்டுமுறை அமுக்க, காந்திமதி யோசிக்காமல் பாய்ந்து, பாடி வந்தவளை இருவரும் சேர்ந்து மடக்கிப் போட்டார்கள். அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கைதட்டினார். காந்திமதிக்கு ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் ஆட்டத்துக்கு முன்னால், எதிரணியின் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்ட அண்ணாச்சி எல்லாரையும் பெரிய அறையில் உட்காரவைத்தார். எதிரணியில் மின்னல் மாதிரிப் பாடுகிற பெண் ஒருத்தி உண்டு. அவள் காலைப் படிக்க வேண்டும் என்றார்.

“நிஷாந்தி, நீ மூலையில நிக்கதா நெனச்சுக்கிட்டுப் பாரு. அவ எப்ப எட்டுதான்னு பாத்து அக்கா கையில அமுக்கு.”

நிஷாந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்தப் பெண் பாடிக்கொண்டு உள்ளே வந்தாள். நிஷாந்தி ஒருமுறை அமுக்கினாள். நில். அந்தப் பெண் போய்விட்டாள். அடுத்துப் பாடி வந்தவளுக்கும் ஒன்று. அடுத்தவளுக்கும் ஒன்று. நான்காவதாக வந்தவள் காலை நீட்டியதும் சட்டென்று இரண்டு.

காந்திமதி திரையை விட்டுத் தன் கையைப் பார்த்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு. இதை அவள் எங்கேயோ ஏற்கெனவே வாங்கியிருக்கிறாள். வேனில். வெயில் இறங்குகிற நேரம். ரெண்டு ரெண்டு என்று கத்தினாளே. 

தொடர்ந்து நிஷாந்தி மூன்று தடவை தனித்தனியாக அமுக்கினாள். பிறகு திரையில் இரு தரப்பும் நடுவரோடு வாக்குவாதம் செய்தார்கள், வெகுநேரம் ஆட்டம் நின்றது. நிஷாந்தியின் கை சும்மா இருந்தது. பிறகு ஒன்று. 

“இப்பப் பாருங்க” என்றார் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே. “இந்தக் கூத்தப் பாருங்க.”

மின்னல் பெண் வந்தாள். மூலையில் நின்றவள் பாய்ந்து அவள் காலைக் கெட்டியாகப் பிடித்தாள். அந்தப் பெண் ஒரு உதறு உதறினாள். ஷூ கழன்றது. பாடியவள் ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். மூலைக்காரி வெறும் ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காலைத்தான் பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பில் தரையில் புரண்டுகொண்டிருந்தாள். நடுவர் குனிந்து அவளிடமிருந்து ஷூவை வாங்கினார்.

அறையே வெடித்துச் சிரித்தது. உசிலம்பட்டிப் பெண் நாற்காலியிலிருந்து நழுவி விழுந்தாள். நிஷாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

காந்திமதி மட்டும் எழுந்து நின்றாள். தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். 

“அண்ணாச்சி, அன்னைக்கு ஆலங்குளத்துல இந்த ஆட்டமா ஓடுச்சி?”

“என்னைக்கு?”

“டாக்டரம்மா வந்தப்ப. டி.வி.யில.”

அண்ணாச்சி சிரிப்பு மிச்சத்தோடு திரும்பினார். “ஆமா, இதுதான். நான் கட்டில் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்லா. டாக்டரம்மா கெஞ்சிக்கிட்டிருக்கா, இங்க இவ ஷூவோட புரளுதா, சிரிக்கவும் முடியாம...” 

அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றது. 

“அவ சிரிச்சா அண்ணாச்சி” என்றாள் காந்திமதி. “எங் கையில சிரிச்சா. நான் அதை இழைன்னு சொல்லிட்டேன்.”

அறையில் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். திரையில் ஆட்டம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அவ டாக்டர் பேச்சக் கேக்கல” என்றாள் காந்திமதி. அழுகை வரவில்லை, குரல்தான் யாருடையதோ போல இருந்தது. “எப்படிக் கேப்பா? பாடிக்கிட்டு ஒருத்தி உள்ள வந்துட்டா காதை மூடிக்கிடணும், கால மட்டுந்தான் பாக்கணும், பெத்த தாய் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. நீங்கதான சொல்லிக் குடுத்திய. அவ ஆடிக்கிட்டு இருந்திருக்கா. சாயங்காலம் சாயங்காலம் மதினி டி.வி.யப் போட்டு விட, அவ எங் கையப் பிடிச்சிக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்திருக்கா.”

அண்ணாச்சி கீழே உட்கார்ந்தார். நாற்காலியில் இல்லை, தரையில். “நாந்தான அணைக்க வேண்டாம்னேன்” என்றார். “டாக்டரம்மா அணைக்கத்தான போனா. நாந்தான வேண்டாம்னேன்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நிஷாந்தி ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள்.

*

டாக்டர் பியூலா போனில் முழுதும் கேட்டார்.  கடைசியில் காந்திமதி கேட்டாள். “மறுபடி போட முடியுமா டாக்டர்? அவளுக்கும் எனக்கும்? நிஷாந்திகிட்ட கேட்டுட்டேன். எடுத்துக்கிடுங்கக்கான்னு கையை நீட்டுதா.”

“போடலாம். ஆனா...”

“சொல்லுங்க.”

“புது இழைக்கு ஒண்ணும் தெரியாது, காந்திமதி. நிஷாந்தி எப்படிக் கத்துக் குடுத்தா? அமுக்கி அமுக்கி. அவ நினைச்சதும் விரல் அசைஞ்சுது. எந்த நினைப்புக்கு எந்த அசைவுன்னு இழை பாத்துப் பாத்துப் படிச்சுது. இசக்கிக்கு விரல் அசையாது. அவ நினைப்பா. அது நினைப்புன்னு இழைக்குத் தெரியாது. அந்தப் பழைய இழைக்குத்தான் அவளைத் தெரியும். எட்டு வருசம் அவ விரலோட இருந்த இழை அது ஒண்ணுதான்.” அதற்கப்புறம் டாக்டர் அழுத சத்தம் கேட்டது. “டி.வி.யை அணைச்சிருக்கணும். ரெண்டாவது நாள் ஒரு தடவை வந்து பார்த்திருக்கணும். ஒரு சோதனையோட முடிவு கட்டிட்டேன்.”

அவரைத் திட்ட வேண்டும் என்று காந்திமதி நினைத்தாள். வாய் வரவில்லை. டாக்டர் கையில் இருந்தது ஒரு குறிப்புத்தான். சிரிப்பு வந்தது இவள் கையில்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஆலங்குளம் போனாள். ராமலட்சுமியிடம் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ராமலட்சுமி அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அடிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். 

“அப்ப எல்லாமே கேக்குதா அவளுக்கு?” என்றாள் கடைசியில். “நான் பிள்ளைகளத் திட்டுதது, எந் தலவிதியேன்னு பொலம்புதது, எல்லாமே?”

“கேக்கும் மதினி. எல்லாம் தெரியும். அவ சொல்லுறதுதான் இனி நமக்குத் தெரியாது.”

இசக்கியின் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டுக் காந்திமதி உட்கார்ந்தாள். எட்டு வருசம் நின்ற பக்கத்திலேயே, இசக்கியின் வலதுபுறம். அவள் வலது கையை எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக, கனமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தானே மடக்கிவிட்டுக் கோத்துக்கொண்டாள்.

“ஏட்டி” என்றாள். “ஷூவப் பிடிச்சிக்கிட்டுப் புரண்டாளே ஒருத்தி. நேத்துதான் பாத்தேன். நீ எதுக்குச் சிரிச்சேன்னு நேத்துதான் தெரிஞ்சிச்சி.”

இசக்கியின் கண் சுவரைப் பார்த்தபடி இருந்தது. சிரித்தாளா, திட்டினாளா, இத்தனை நாள் ஏன் என் கையை விட்டாய் என்று கேட்டாளா, ஒன்றும் வரவில்லை. காந்திமதி காத்திருந்தாள். இனி வராது என்று தெரிந்துகொண்டே காத்திருந்தாள்.

ராமலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து டி.வி.யைப் போட்டாள். ஏதோ ஒரு பழைய ஆட்டம். பாடிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள்.

காந்திமதிக்கு அவள் காலை எப்படிப் படிப்பது என்று தெரியவில்லை. அது எப்போதும் இசக்கியின் வேலையாக இருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். கால் இன்னும் எட்டவில்லை என்று தோன்றியது. கோத்திருந்த கையை ஒருமுறை அமுக்கினாள்.